சூட்டுப்பாலும் என் சிரிப்பும்

போன செவ்வாய்க்கிழமை நம் காப்பகத்துச் சமையலறையில் நீங்கள் நாலு பேரும் சேர்ந்து சிரித்தது, வராந்தாவில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. எழுந்து வந்து எட்டிப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் ஐந்து மாதக் குழந்தையின் அம்மா கொடுத்துவிட்டுப் போன பையைப் பிரித்து வைத்திருந்தீர்கள். தாய்ப்பால் இரண்டு பாட்டில், அதைச் சுற்றி ஐஸ் பை, பாட்டில் மேல் தேதியும் நேரமும் எழுதி ஒட்டிய தாள். எல்லாம் நீங்கள் சொல்லிக் கொடுத்தபடிதான். கூடவே ஒரு சின்ன அடுப்புக்கரித் துண்டு, நூலில் கட்டி பாட்டில் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வழியில் கண் படாமல் இருக்க, காற்றுக் கருப்பு அண்டாமல் இருக்க.

"ஃப்ரிட்ஜுக்குள்ள பேய் வந்து குடிச்சிருமாம் மேடம்" என்றாள் உங்களில் ஒருத்தி. கரித்துண்டு குப்பைக் கூடைக்குப் போனது. சாயங்காலம் அந்தப் பெண் குழந்தையைத் தூக்க வந்தபோது அவளிடமும் அதைச் சொல்லிச் சிரித்தீர்கள். அவளும் சிரித்தாள்.

அவளும் சிரித்தாள் பாருங்கள், அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நேரில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேலாக யாரிடமும் முழுசாகச் சொல்லாத கதை. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டுப் பேசச் சொன்னபோதுகூட நல்ல கதைகளை மட்டும் பொறுக்கிச் சொல்லிவிட்டு வந்தவள் நான். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

எழுபதுகளின் ஆரம்பம். எனக்கு இருபத்தொரு வயசு. குழந்தைகள் காப்பகத்துக்கான படிப்பை முடித்துவிட்டு, மொரப்பூரில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து, அப்புறம் அரை மைல் நடந்து, தகரப் பெட்டியோடு வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். மலை அடிவாரத்தில் ஓடைக்குக் குறுக்கே ஒரு சின்ன அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். மழை பொய்த்து, சொந்தக் காடு கழனி வைத்திருந்தவர்களே கூடை தூக்க வந்த காலம். மண் சுமக்கும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேப்பமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை, பன்னிரண்டு பிள்ளைகள், தூளி கட்டப் பழைய சேலைகள், உதவிக்கு ஒரு ஆயாம்மா. அதற்கு நான்தான் டீச்சரம்மா.

பெண்கள் காலையில் பிள்ளையை விட்டுவிட்டுப் போவார்கள். பத்து மணிக்கு ஒரு தரம், சாப்பாட்டு நேரத்தில் ஒரு தரம், மூன்று மணிக்கு ஒரு தரம் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். வெயிலில் கருகி, தலையில் சும்மாட்டோடு ஓடி வருவார்கள். வந்தவுடனே பிள்ளையை எடுக்க மாட்டார்கள். கொட்டகைக்குப் பின்னால் போய், முதல் பாலைப் பிழிந்து வேப்பமரத்தூரில் விட்டுவிட்டு, முகம் கழுவி, அதற்கப்புறம்தான் பிள்ளையை மடியில் போடுவார்கள். அதற்குச் சூட்டுப்பால் என்று பேர். வெயிலில் வேலை செய்தவள் உடம்புச் சூடு பாலில் இறங்கியிருக்கும், அது பிள்ளைக்கு ஆகாது, வயிற்றால் போகும் என்பது அவர்கள் கணக்கு.

எனக்கு அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். படிப்பில் அப்படியா சொல்லியிருக்கிறது? நெஞ்சுக்குள் இருக்கிற பாலை வெயில் என்ன செய்யும்? ஒருநாள் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது ராஜம்மா பின்பக்கம் போனாள். ராஜம்மாவுக்கு இருபது வயசுகூட இருக்காது. மூத்தது தங்கவில்லை. இது இரண்டாவது, பெண் குழந்தை, ஜெயா, நாலு மாசம். நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "ஏ ராஜம்மா, அவ்ளோ சூடா இருந்தா கீழ விடாத. கொஞ்சம் டீத்தூளப் போட்டுக் குடு, ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிக்கலாம்."

கொட்டகையே சிரித்தது. ராஜம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பெருமை. மூடநம்பிக்கையை ஒரே பேச்சில் ஒழித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து அவள் பின்பக்கம் போவதில்லை. எனக்குத் தெரியாமல் வரும் வழியிலேயே புதர் மறைவில் பிழிந்துவிட்டு வந்தாள் என்பது பிற்பாடு தெரிந்தது.

இப்படி இருக்கையில், பக்கத்தில் மண் தீர்ந்து, மண் எடுக்கிற குழி ஒன்றரை மைல் தள்ளிப் போனது. அங்கிருந்து பெண்கள் நடந்து வந்து பால் கொடுத்துத் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேஸ்திரி வந்து வாசலில் நின்றான்.

"டீச்சரம்மா, இது சரிப்படாதுங்க. பத்து மணிக்குப் போறவ பதினொன்னரைக்கு வர்றா. திரும்பவும் சாப்பாட்டுக்குப் போறா. மண்ண யாரு சொமக்கறது, நானா? காலைல குடுத்துட்டு வரட்டும், சாயந்திரம் போயிக் குடுக்கட்டும். நடுவுல யாரும் வரக்கூடாதுன்னுட்டேன்."

நான் சண்டை போட்டிருக்க வேண்டிய இடம் அதுதான். மேலே எழுதிப் போட்டிருக்கலாம். கொட்டகையைக் குழிக்குப் பக்கத்தில் மாற்றிக் கொடு என்று கேட்டிருக்கலாம். நாலு மூங்கிலும் பத்துத் தகரமும்தானே? கேட்கவில்லை. ஏனென்றால் எனக்கு ஒரு வித்தை தெரியும். தெரிந்த வித்தையைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததே என்று உள்ளுக்குள் குதித்தேன். "நீங்க கவலைப்படாதீங்க மேஸ்திரி, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அந்த வித்தையை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் ஒரு கன்னியாஸ்திரி நர்ஸ். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் மூன்று மாதம் அவரிடம் பழகினேன். எடை குறைந்து பிறந்து சப்ப முடியாத குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து பாலைப் பிழிந்து, தண்ணீரில் கொதிக்கவைத்த கிண்ணத்தில் பிடித்து, ஈரமணலில் புதைத்த பானைக்குள் வைத்து, கரண்டியால் புகட்டுவார். ஃப்ரிட்ஜாவது ஒன்றாவது. அவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பார். ஊட்டுவதற்கு முன் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் விட்டுப் பார்க்க வேண்டும். "கண்ணு ஏமாத்தும், மூக்கு ஏமாத்தும், நாக்கு ஏமாத்தாதும்மா" என்பார். கல்யாணமாகாத பெண், எனக்குக் குமட்டியது. அவர் எதிரில் செய்தேன். அவரை விட்டு அணை வேலைக்கு வந்தபிறகு அங்கே ஒரு நாளும் செய்யவில்லை.

மற்ற பிள்ளைகளுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. ஆறு மாசம் தாண்டியவை, கேழ்வரகுக் கூழும் காலையில் பிழிந்து வைத்த பாலுமாக ஒப்பேற்றின. ஜெயாதான் முரண்டு பிடித்தாள். டப்பாப் பால்பவுடரைக் கரைத்துக் கொடுத்தால் வாந்தி. காலையில் ராஜம்மா பிழிந்து வைக்கிற அரைச் சங்குப் பால் பத்து மணிக்கே தீர்ந்துவிடும். அதற்கும் ஒரு யோசனை சொன்னேன். குழிக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் மாட்டு வண்டி பதினொன்றரை மணிக்குக் காலிப் பீப்பாயோடு எங்கள் கொட்டகை வழியாகத் திரும்பும். ராஜம்மா அங்கேயே பாலைப் பிழிந்து, மூடி போட்ட சின்னத் தூக்கில் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். தூக்கை நானே காலையில் கொதிக்க வைத்துக் கொடுத்தேன்.

கொடுக்கும்போது சொன்னேன்: "இங்க பாரு, சூட்டுப்பாலு அது இதுன்னு சொல்லி ஒரு சொட்டக்கூடக் கீழ விட்டுறாத. அம்புட்டும் எனக்கு வந்து சேரணும்."

"சரிங்க டீச்சரம்மா" என்றாள். எப்போதும் அவள் சொல்கிற பதில் அதுதான்.

முதல் நாள் தூக்கில் கால்வாசி வந்தது. மூன்றாம் நாள் பாதிக்கு மேல் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் அவள் வந்தபோது, "பாத்தியா, வீணாக்காம இருந்தா எவ்ளோ சேருதுன்னு!" என்றேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பால் கொஞ்சம் நீலம் பாய்ந்து தண்ணியாகத்தான் இருந்தது. தாய்ப்பால் முதலில் அப்படித்தான் இருக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் விஷயத்தில் அது உதவாமல் போனதோடு நிற்கவில்லை. அந்த வாரம் ஓவர்சியர் வந்தபோது மேஸ்திரி என்னைக் காட்டி, "டீச்சரம்மா கெட்டிக்காரிங்க சார், இப்பல்லாம் ஒரு பொம்பளையும் வேலைய வுட்டுப் போறதில்ல" என்றான். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் ஜெயாவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பல் முளைக்கிற நேரம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் ராஜம்மா குழந்தையைக் கொண்டுவந்து கொடுக்கும்போதே கண் உள்ளே போயிருந்தது. மற்ற பெண்கள் எல்லாரும் சுற்றி நிற்க, நான் சத்தமாகக் கேட்டேன்: "நேத்து என்னத்தத் தின்ன நீ? மாங்கா தின்னியா?"

"இல்லீங்க."

"பாலுல ஒண்ணும் கோளாறு இல்லியே?"

"பாலுதாங்க டீச்சரம்மா" என்றாள். சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் நின்றாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அதற்குள் மேஸ்திரி விசில் ஊதினான், போய்விட்டாள். அந்த ஒரு நிமிஷத்தை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இன்றைக்குச் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன என்பது நிஜம்தான், ஆனால் அதைக் காரணமாகச் சொல்லி நான் தப்பிக்க விரும்பவில்லை.

அன்று மத்தியானமும் வண்டி வந்தது. அன்றைய தூக்கையும் நான்தான் திறந்தேன். சங்கில் ஊற்றி நான்தான் புகட்டினேன்.

இரண்டு மணிக்குக் குழந்தை துவண்டுவிட்டது. தோலைக் கிள்ளினால் கிள்ளினபடி நின்றது. அழக்கூடத் தெம்பில்லை. தருமபுரி போகிற பஸ் இரண்டரைக்கு ரோட்டுக்கு வரும். அதை விட்டால் ஐந்து மணிக்குத்தான். ஆயாம்மா சொன்னாள்: "தூக்கிக்கிட்டு ஓடும்மா, நான் இங்க பாத்துக்கறேன்."

நான் ஓடவில்லை. தாய் இல்லாமல் பிள்ளையைக் கொண்டுபோய், வழியில் ஒன்று கிடக்க ஒன்று ஆனால் பழி யார் மேல் விழும் என்று யோசித்தேன். உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? குழந்தையைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரத்தில் என்னைப் பற்றி யோசித்தேன். ராஜம்மாவை அனுப்பச் சொல்லி, மறுபடி குழிக்குப் புறப்பட்ட வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். மேஸ்திரி, "இந்த லோடு முடியட்டும்" என்றானாம். அவள் நாலரைக்கு ஓடி வந்தாள். ஐந்து மணி பஸ்ஸில் ஏறினோம். பஸ்ஸில் அவள் பாலை வைத்துப் பார்த்தாள். குழந்தை வாயைத் திறக்கவில்லை. ரவிக்கை முழுக்க நனைந்து போயிருந்தது.

என் நர்ஸம்மா இருந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். டாக்டர் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நர்ஸம்மா ராஜம்மாவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் ரகசியம் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "வெயில்ல இருந்து பிழிஞ்ச பாலாச்சே கண்ணு. அதுக்கு நீ என்ன பண்ணின?"

ராஜம்மா உடைந்துவிட்டாள். "சூடா இருந்துச்சுங்கம்மா. கீழ வுட்டா டீச்சரம்மா வைவாங்க. அப்புடியே குடுத்தா புள்ளைக்கு ஆவாது. நான் என்னங்க பண்றது? சூடு தணியட்டும்னு பச்சத்தண்ணி கலந்து குடுத்துவுட்டேங்க."

"எந்தத் தண்ணி?"

"வண்டில வர்ற தண்ணிதாங்க. மொத நாளு ரெண்டு கை. வெயிலு ஏற ஏற இன்னுங் கொஞ்சம்."

வண்டித் தண்ணீர் ஏரித் தண்ணீர். பெரியவர்களுக்கே அதைக் குடித்து வயிறு கெட்டுக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக என்னிடம் அவள் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருவரிடம் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டாள்.

நர்ஸம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாக்குல விட்டுப் பாத்தியா?"

"பாத்தேன் சிஸ்டர்" என்றேன்.

ஒரு சொட்டு விட்டிருந்தால் தெரிந்திருக்கும், தண்ணீர் என்று. அவருக்கும் அது தெரியும். எழுந்து உள்ளே போனார். வெளிச்சம் மங்குவதற்குள் ஜெயா போய்விட்டாள்.

இதோடு முடிந்திருந்தால்கூட அறியாமை, வயசுக்கோளாறு என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். முடியவில்லை. மூன்றாம் நாள் ஓவர்சியர் வந்தார். வேலையிடத்தில் ஒரு குழந்தை இறந்தால் காகிதம் வேண்டுமல்லவா? அவர் வாயால் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தாய் தன் அறியாமையினால் அசுத்தத் தண்ணீரைப் பாலில் கலந்ததால் குழந்தை இறந்தது. அவ்வளவுதான். பத்து மணி இடைவேளையை நிறுத்தியது அதில் இல்லை. ஒன்றரை மைல் இல்லை. "லோடு முடியட்டும்" இல்லை. இரண்டரை மணி பஸ் இல்லை. வேப்பமரத்தடியில் நான் அடித்த கேலி இல்லை. கீழே நான் கையெழுத்துப் போட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்கு நானே என் கையால் எழுதினேன்.

ராஜம்மா ஆறாம் நாளே வேலைக்கு வந்துவிட்டாள். வராமல் என்ன செய்வாள்? வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே. பால் வற்றுவதற்காக மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டியிருந்தார்கள். காலை ஏழு மணிக்கு, தலையில் சும்மாட்டோடு, மல்லிகைப் பூ வாசனையோடு என் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். அந்தக் காகிதத்தில் அவளிடமும் வாங்கிய பெருவிரல் ரேகையின் மை நகக்கண்ணில் இன்னும் இருந்தது. கையில் அந்தத் தூக்கு. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தாள்.

"இந்தாங்க டீச்சரம்மா. வேற கொழந்தைக்கு ஆவும்ங்க."

நான் அதை வாங்கிக்கொண்டு, கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். "ஏன் ராஜம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் கொஞ்சம் பிழைத்திருப்பேன்.

"சொன்னா சிரிப்பீங்கன்னுதாங்க சொல்லல" என்றாள். சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அதற்கப்புறம் முப்பத்தெட்டு வருஷம் இந்த வேலையில் இருந்தேன். வேப்பிலை கட்டினவள், தாயத்தை நனைத்துக் கொடுத்தவள், பால் கிண்ணத்தில் ஆணி போட்டவள் என்று எத்தனையோ பேர். ஒருத்தியிடமும் சிரித்ததில்லை. உடனே புண்ணியவதி என்று நினைத்துவிடாதீர்கள். பயம், அவ்வளவுதான். ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன். நீங்கள் இப்போது பாட்டிலில் ஒட்டுகிற தேதியும் நேரமும் நல்லதுதான். ஆனால் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று தாளுக்குத் தெரியாது. அது அந்தத் தாய்க்கு மட்டும்தான் தெரியும். அவளாக வாயைத் திறந்து சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும்.

கரித்துண்டால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. நூலோடு பாட்டிலுக்கு வெளியே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதை விட்டிருக்கலாம். உங்களுக்குத் தெரிகிற மாதிரி வெளியே கட்டியிருந்தாள். உங்களிடம் மறைக்க வேண்டும் என்று அப்போது அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

நேற்று நான் வந்தபோது ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். அவளுடைய பாட்டில்கள் இருந்தன. தேதி, நேரம் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. கரித்துண்டைக் காணோம். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் இல்லையாம். "திருந்திட்டாங்க மேடம்" என்றீர்கள்.

கரியை இப்போது எங்கே வைக்கிறாள் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?